அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால்: எந்த வழி, எந்த வரிசை?

“கேட்டதைச் செய்யவில்லை என்றால் உன் படத்தை உனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்.” இப்படி ஒரு செய்தி திரையில் வந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரிபவை இரண்டே வழிகள். கேட்டதைக் கொடுத்துத் தொலைப்பது, இல்லாவிட்டால் கணக்கை அழித்துவிட்டுக் காணாமல் போவது. இரண்டுமே மிரட்டுகிற ஆளுக்குத்தான் சாதகம். கொடுத்துவிட்டால், மிரட்டினால் பலன் உண்டு என்று அந்த ஆள் தெரிந்துகொள்கிறார். கணக்கை அழித்தால், இருக்கிற சாட்சியத்தை உங்கள் கையாலேயே ஒழித்தாயிற்று.

இவை தவிர இன்னும் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. போலீஸ் புகார், நீதிமன்றத் தடையுத்தரவு, வக்கீல் நோட்டீஸ், தளங்களில் முன்கூட்டியே தடுப்பது, பதிப்புரிமை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உதவும். எதை எடுப்பது என்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது இல்லை. மிரட்டுவது யார், அவருக்கு என்ன வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தது. அதைவிட முக்கியம் வரிசை. நல்ல வழியைத் தவறான நேரத்தில் எடுத்தால் அடுத்த வழி அடைபட்டுவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படம் வெளியாகும் வரை சட்டம் ஒன்றும் செய்யாது என்று பலர் நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது தவறு. மிரட்டியதே குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் ‘வெளியிடுவேன்’ என்ற மிரட்டலே தனிக் குற்றம். 2024 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்பட்ட சட்டப்படி, மிரட்டலில் சொல்லப்பட்ட படம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக்கூட அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் ஒரே பிரிவின் கீழ் வருகின்றன; 5 ஆண்டுகள் வரை சிறை. ஆஸ்திரேலியாவில் வெளியிடுவேன் என்ற மிரட்டலையும் இணையப் பாதுகாப்பு ஆணையரிடம் நேரடியாகப் புகார் செய்யலாம். இந்தியாவில் இதற்கென்று தனிப்பிரிவு இல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் குற்றமுறு மிரட்டலுக்குப் பிரிவு 351, மிரட்டிப் பறித்தலுக்குப் பிரிவு 308 இருக்கின்றன. இலங்கை, மலேசியத் தண்டனைச் சட்டங்களிலும் இதே இரண்டு குற்றங்கள் நெடுங்காலமாக உண்டு.

“நானேதானே அனுப்பினேன், இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?” இந்த ஒரு நினைப்புத்தான் ஆட்களை மாதக்கணக்கில் வாய்மூட வைக்கிறது. ஒருவருக்கு மட்டும் காட்டச் சம்மதித்தது ஊருக்குக் காட்டச் சம்மதித்ததாக ஆகாது. இந்தியச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பெண்ணைப் பொறுத்தவரை, படம் எடுக்கச் சம்மதம் இருந்திருந்தாலும், பரப்பச் சம்மதம் இல்லையென்றால் பரப்பியது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 77-இன் கீழ் குற்றம். ஆண்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகள் ஆண் பெண் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில நாடுகளில் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவே குற்றம். அந்தரங்கப் படம் வைத்திருப்பதும் அனுப்புவதும்கூடக் குற்றமாகும் இடங்கள் இருக்கின்றன. வேலைக்காக அப்படிப்பட்ட நாட்டில் இருப்பவர்கள் நேரே காவல் நிலையத்துக்குப் போகாமல், முதலில் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடமோ தம் நாட்டுத் தூதரகத்திடமோ பேசுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால்

எந்த வழியில் போனாலும் கையில் சாட்சியம் வேண்டும். அதை எடுத்துவைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார்கள், அதில் மேலே அந்த ஆளின் பெயர் மட்டும் இருக்கிறது. அது நீங்கள் உங்கள் போனில் சேமித்து வைத்த பெயர். அதைக் காட்டி யாரையும் பிடிக்க முடியாது. பெயரைத் தொட்டு உள்ளே போய், நாட்டுக் குறியீட்டோடு முழு எண் தெரியும்படி இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் என்றால் காட்சிப் பெயர் போதாது. பயனர் பெயரும் அந்தப் பக்கத்தின் இணைப்பு முகவரியும் வேண்டும். பயனர் பெயரை எந்த நிமிடமும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். தேதி, நேரம் தெரிய வேண்டும். மிரட்டல் செய்திக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். பணம் கேட்டிருந்தால் அந்தக் கணக்கு எண், பணம் அனுப்பச் சொன்ன முகவரி எல்லாம் தங்கத்துக்குச் சமம். போலியாக ஆயிரம் பெயர் வைக்கலாம், பணம் எங்காவது ஓரிடத்தில் போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் பிளாக். வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணைப் புகார் செய்து தடுக்கும்போது உரையாடலும் சேர்ந்து அழிந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் எடுத்து வைத்ததை இன்னோர் இடத்திலும் நகல் போட்டுவிட்டு அப்புறம் தடுங்கள். அந்த போனை விற்கவோ, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவோ வேண்டாம். நீதிமன்றம் மூல சாதனத்தைக் கேட்கலாம்.

பணம் கொடுப்பது, பேசித் தீர்ப்பது

இவை சட்ட வழிகள் இல்லை என்றாலும், எல்லாரும் முதலில் யோசிப்பவை இவைதான் என்பதால் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

பணம் கொடுப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. முகம் தெரியாதவர்கள் பெரும்பாலும் குழுவாக இயங்குகிறார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். 2024 ஜூலையில் நைஜீரியாவிலிருந்து இப்படி இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை நீக்கியதாக மெட்டா நிறுவனம் அறிவித்தது. அவர்களைப் பொறுத்தவரை பணம் கொடுத்தவர் என்றால் மறுபடி கறக்கக்கூடியவர். கொடுக்காதவர் நேரத்தை வீணாக்குபவர். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, அதற்காக உங்கள் புகார் பலவீனமாகிவிடாது. மாறாக, மிரட்டிப் பறித்த குற்றம் முழுமையடைந்ததற்கு அந்த ரசீதே சாட்சி. அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

‘படத்தை அந்த ஆளின் போனிலிருந்தே அழித்துத் தருகிறோம், இவ்வளவு கட்டணம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இன்னொரு வகை மோசடிக்காரர்கள். அப்படி எவராலும் செய்ய முடியாது.

தெரிந்த ஆள் என்றால் பொதுவான நண்பரை வைத்துப் பேசுவது சில சமயம் மிரட்டலை நிறுத்தியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘அழித்துவிட்டேன்’ என்ற வாக்குக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் கண்ணெதிரில் அழித்துக் காட்டினாலும் இன்னோர் இடத்தில் நகல் இருக்கலாம். பேச்சுவார்த்தைக்குப் போவதாக இருந்தால் சாட்சியத்தை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தனியாக நேரில் சந்திக்கப் போகாதீர்கள்.

ஒரே ஒரு பதில் மட்டும் அனுப்பலாம். “அந்தப் படங்களை யாருக்கும் அனுப்பவோ எங்கும் பதிவேற்றவோ எனக்குச் சம்மதம் இல்லை. இதன் பிறகு என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாம்.” இவ்வளவுதான். கெஞ்சலும் திட்டும் சேர்க்க வேண்டாம். சம்மதம் இல்லை என்பது தேதியோடு எழுத்தில் பதிந்துவிட்டது. பின்னால் எந்த நீதிமன்றத்திலும் இது பேசும். முகம் தெரியாத கும்பலுக்கு இதுவும் தேவையில்லை.

தளங்களில் முன்கூட்டியே தடுப்பது

எல்லா வழிகளிலும் மிக வேகமானது இது. செலவும் இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அப்படியிருந்தும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. பிரிட்டனின் எஸ்டபிள்யுஜிஎஃப்எல் என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. 18 வயது நிறைந்தவர்களுக்கானது. உங்களிடம் இருக்கும் அந்தப் படத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தால், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு எண் கோவை உருவாகும். படத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோவை மட்டும்தான் அனுப்பப்படும், படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட், ஸ்னாப்சாட், பம்பிள் போன்ற பங்கேற்கும் தளங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படம் தங்களிடம் வந்தால் பிடித்துத் தடுக்கும். புகாருக்கு ஒரு எண்ணும் ரகசியக் குறியீடும் தருவார்கள். அதை வைத்துப் பின்னால் நிலவரம் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள்.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். படம் உங்களிடம் இருந்தால்தான் செய்ய முடியும். திருட்டுத்தனமாக எடுக்கப்பட்ட படம், அந்த ஆளிடம் மட்டும் இருக்கிறது என்றால் இது உதவாது. படத்தைப் பெரிதாக வெட்டியோ மாற்றியோ போட்டால் கோவை பொருந்தாமல் போகலாம். பங்கேற்காத தளங்களைக் கட்டுப்படுத்தாது. வாட்ஸ்அப் போல முழுக்க மறையாக்கம் செய்யப்பட்ட தனிச்செய்திகளுக்குள் எட்டிப் பார்க்காது. ஆகவே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன் என்ற மிரட்டலுக்கு இது மருந்து இல்லை. ஆனால் ‘இணையத்தில் போட்டுவிடுவேன்’ என்பதற்கு இதைவிட விரைவான தடுப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. இதில் ஒரு பெரிய நன்மை, வேறு எந்த வழியையும் இது அடைப்பதில்லை. அதனால் மிரட்டுவது யாராக இருந்தாலும் முதல் நாளே செய்துவிடச் சொல்வேன்.

இதோடு அந்தக் கணக்கைத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். மிரட்டல் செய்தி தனிச்செய்தியில் வந்திருந்தால் அந்தச் செய்தியையே தொட்டுப் புகார் செய்ய வழி இருக்கும். இன்னொரு சின்ன வேலை: உங்கள் நண்பர் பட்டியல், பின்தொடர்பவர் பட்டியல் இரண்டையும் மற்றவர் கண்ணில் படாதபடி மறைத்துவிடுங்கள். அந்தப் பட்டியல்தான் கும்பலின் ஆயுதம்.

போலீஸ்

பேர் தெரியாத கணக்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று கண்டுபிடிக்கும் அதிகாரம் போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும்தான் உண்டு. கணக்கு விவரம், உள்நுழைந்த முகவரி, சிம் யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கேட்டால்தான் நிறுவனங்கள் கொடுக்கும். அந்தப் பதிவுகளையும் நிறுவனங்கள் என்றென்றும் வைத்திருப்பதில்லை. ஆறு மாதம் யோசித்துவிட்டுப் போனால் தடயம் இல்லாமல் போயிருக்கலாம். போனைப் பறிமுதல் செய்து நகல்களைத் தேடுவதும் போலீஸால் முடிந்த வேலை. புகாருக்குக் கட்டணமும் இல்லை. தெரிந்த ஆளாக இருந்தால், காவல் நிலையத்திலிருந்து ஒரு அழைப்பு போனதுமே அடங்கிவிடுகிறவர்கள் நிறைய.

மறுபக்கம்: புகார் கொடுத்ததும் வழக்கின் வேகமும் போக்கும் உங்கள் கையில் இல்லை. வேண்டாம் என்று நினைத்த அன்று எளிதாகத் திரும்பப் பெற முடியாது. உங்கள் போனையும் சாட்சியமாகக் கேட்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், அங்கே எப்படி நடத்துவார்கள் என்பது. அந்தப் பயம் கற்பனை இல்லை. 2025-இல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பரவிய வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்தபோது, முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் இடம்பெற்றதையும், ஆண் காவலர்கள் முன்னிலையில் அவர் அந்தக் காட்சியை அடையாளம் காட்ட வேண்டி வந்ததையும் நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். சட்டம் தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை. அதனால் போகும்போது ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள், பெயரை மறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இங்கிலாந்தில் இந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வாழ்நாள் முழுவதும் வெளியிடக்கூடாது என்பது சட்டமே.

புகாரை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. படத்திலிருந்து தொடங்காதீர்கள், மிரட்டலிலிருந்து தொடங்குங்கள். ‘என்னுடைய தவறான படங்கள் ஒருவரிடம் இருக்கின்றன’ என்று ஆரம்பித்தால், கேட்கிறவரின் அடுத்த கேள்வி ‘ஏன் அனுப்பினாய்’ என்பதாகத்தான் இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: “கீழ்க்கண்ட எண்ணிலிருந்து இந்தத் தேதியில், இந்த நேரத்தில், பணம் தராவிட்டால் என் அந்தரங்கப் படங்களை என் குடும்பத்தினருக்கு அனுப்புவதாக மிரட்டல் வந்தது. அவர் எழுதிய சொற்களை அப்படியே தருகிறேன். படங்களை வெளியிட நான் சம்மதிக்கவில்லை. மிரட்டல், மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிய குற்றங்களுக்கு வழக்குப் பதிய வேண்டும்.” முதல் புகாரோடு படத்தை இணைக்க வேண்டியதில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் சொன்னால் போதும். பின்னால் விசாரணைக்குத் தேவை என்றால், யார் பார்ப்பார்கள், எங்கே பத்திரப்படுத்துவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

பல நாடுகளில் இணையத்தின் வழியாகவே புகார் பதியலாம். இந்தியாவில் சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளம் இருக்கிறது. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க அங்கே 2023-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. சொந்த ஊர் நிலையத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று தயங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

வெளிநாட்டுக் கும்பலைப் போலீஸ் பிடிக்குமா? பெரும்பாலும் உடனே பிடிபட மாட்டார்கள். ஆனால் அது நடக்காத காரியமும் இல்லை. நைஜீரியாவிலிருந்து அமெரிக்கப் பதின்பருவத்தினரை இப்படி மிரட்டிய இரு சகோதரர்கள் அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஆளுக்கு 17 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். இந்தியாவிலும் 2018-இல் மேற்கு வங்கத் தம்லுக் நீதிமன்றம், முன்னாள் தோழியின் படங்களைக் காட்டி மிரட்டிப் பிறகு வெளியிட்ட இளைஞருக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தது.

நீதிமன்றத் தடையுத்தரவு

குற்றவியல் வழக்கு நடந்ததற்குத் தண்டனை தேடுகிறது. உரிமையியல் வழக்கு நடக்கப்போவதைத் தடுக்கப் பார்க்கிறது. மிரட்டல் நிலையில் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். நியாயமாகப் பார்த்தால் இதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும். செலவும் வழக்கறிஞரும் தேவைப்படுவதால் பின்னால் தள்ளப்படுகிறது.

படத்தை வெளியிடக்கூடாது, இருக்கும் நகல்களை ஒப்படைக்க வேண்டும், தொடர்புகொள்ளக்கூடாது என்றெல்லாம் நீதிமன்றம் உத்தரவிடலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கிடைக்கும். நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எதிராளி யாரென்று தெரியாவிட்டாலும் ‘பெயர் தெரியாத நபர்’ என்று போட்டு உத்தரவு வாங்கும் நடைமுறை பல நாடுகளில் உண்டு. இந்திய நீதிமன்றங்களில் அதற்கு ‘அசோக் குமார் உத்தரவு’ என்றே பெயர்.

சில இடங்களில் இதை எளிமையாக்கியிருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 ஜனவரி முதல், வழக்கறிஞர் இல்லாமலே இணையத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். மிரட்டல் மட்டும் இருந்தாலும் ஏற்கிறார்கள். சிங்கப்பூரில் துன்புறுத்தலுக்கென்றே தனி நீதிமன்றம் 2021-இல் தொடங்கியது, விரைவுப் பாதுகாப்பு ஆணை தருகிறது. இந்தியாவில் மிரட்டுவது கணவனோ, திருமணம் போலச் சேர்ந்து வாழ்ந்தவனோ என்றால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பெண்கள் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை. அமெரிக்காவில் 2022 முதல், படம் வெளியானவர் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1,50,000 டாலர் இழப்பீடு கேட்கலாம். புனைபெயரிலேயே வழக்கு நடத்த அனுமதியும் பெறலாம். ஆனால் அது வெளியான பிறகுதான், வெறும் மிரட்டலுக்கு இல்லை.

இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஆளுக்குத் தடையுத்தரவு வெறும் காகிதம். வேலை, குடும்பம், பெயர் என்று எதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஆளுக்கு அது கைவிலங்கு. முன்னாள் துணைவர், உடன் வேலை செய்தவர் போன்றவர்களிடம் பலிப்பது இதனால்தான். வேறு நாட்டில் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் கும்பலுக்கு எதிராக இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ்

மலிவானது, விரைவானது. ஆனால் நான் தயங்கித்தான் பரிந்துரைப்பேன். நோட்டீஸ் என்பது எதிராளிக்கு முன்னறிவிப்பு. அதைப் படித்த அன்று இரவே போனில் இருப்பதை அழிக்கலாம், நகலை வேறெங்காவது ஒளிக்கலாம், ஆத்திரத்தில் வெளியிடவும் செய்யலாம். போலீஸ் புகார் கொடுக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் நோட்டீஸை முதலில் அனுப்பாதீர்கள். புகார் வேண்டாம், தெரிந்த ஆள், கொஞ்சம் பயமுறுத்தினால் நின்றுவிடுவார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சரி. அப்போதும் சாட்சியம் முழுக்கக் கையில் இருக்க வேண்டும்.

அவதூறு வழக்கு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படம் உண்மையானது என்றால் அந்த வழக்கு வீண் வாதத்தில் போய் முடியும். தவிர்க்கலாம்.

பதிப்புரிமை

படத்தை எடுத்தவர் யாரோ, அவருக்குத்தான் பதிப்புரிமை. நீங்களே செல்ஃபி எடுத்து அனுப்பியிருந்தால் உரிமை உங்களுடையது, பெரும்பாலான நாடுகளில் பதிவு எதுவும் தேவையில்லை. படம் வெளியாகிவிட்டால், 1998-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி எழுதும் நீக்கல் நோட்டீஸுக்கு, மற்றப் புகார்களைக் கண்டுகொள்ளாத தளங்கள்கூட மதிப்புக் கொடுப்பதுண்டு. ஆனால் நோட்டீஸில் உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். அது பதிவேற்றிய ஆளுக்கே போய்ச் சேரலாம். அதனால் வேறு ஒருவர் மூலம் அனுப்புவது பாதுகாப்பு. மிரட்டல் நிலையில் இது பயன்படாது, அந்த ஆள் எடுத்த படத்துக்கும் பயன்படாது.

18 வயதுக்குக் கீழ் என்றால்

ஒப்பீடே மாறிவிடுகிறது. அந்தப் படத்தை வைத்திருப்பதே எதிராளிக்குக் கடும் குற்றம். இந்தியாவில் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். சாட்சியம் என்று சொல்லிப் பெற்றோர்கூட அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பக்கூடாது. மிரட்டல் செய்திகளை மட்டும் எடுத்து வையுங்கள். ஸ்டாப் என்சிஐஐ போலவே சிறாருக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023 பிப்ரவரியில் தொடங்கியது, வேறு நாட்டுப் பிள்ளைகளும் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம்.

இதைப் படிப்பவர் அந்த வயதில் இருந்தால்: இன்றே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அப்பா அம்மாவிடம் முடியாது என்றால் அக்கா, சித்தி, ஆசிரியர், யாராவது. அவர்கள் முதலில் கோபப்படலாம். அந்தக் கோபம் ஒரு நாளில் தணியும். தனியாகச் சுமந்தால் இந்தப் பயம் தணியாது. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், படத்தைப் பற்றிய எந்த வேலையும் அப்புறம். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒருவரையோ உதவி எண்ணையோ அழையுங்கள். இது எந்த வயதுக்கும் பொருந்தும்.

நான் எந்த வரிசையில் செய்யச் சொல்வேன்

முகம் தெரியாத ஆள், பணம் கேட்கிறார்: சாட்சியம், ஸ்டாப் என்சிஐஐயில் எண் கோவைப் பதிவு, தளத்தில் புகார், பதில் சொல்லாமல் தடுப்பது, இணையவழிப் போலீஸ் புகார். இவ்வளவும் ஒரே நாளில் முடியும். நெருங்கிய நான்கைந்து பேருக்கு முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடலாம்: “என் பேரில் ஏதாவது படம் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள், மோசடிக்காரர்கள் மிரட்டுகிறார்கள், புகார் கொடுத்திருக்கிறேன்.” கஷ்டமான வரிதான். ஆனால் மிரட்டலின் பலம் முழுக்க ரகசியத்தில்தான் இருக்கிறது, அதில் பாதியை இந்த ஒரு வரி பிடுங்கிவிடும்.

முன்னாள் துணைவர், உறவைத் தொடரச் சொல்லி மிரட்டுகிறார்: சாட்சியம், சம்மதம் இல்லை என்ற ஒற்றைப் பதில், கோவைப் பதிவு. பிறகு ஒரு வழக்கறிஞரை வைத்துப் பாதுகாப்பு ஆணைக்கும் போலீஸ் புகாருக்கும் ஒரே வாரத்தில் போவது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பலம். அடித்த, பின்தொடர்ந்த வரலாறு இருந்தால் போலீஸ் முதலில். அங்கே படத்தைவிட உங்கள் உடல் பாதுகாப்பு பெரிது.

மேலதிகாரியோ, ஆசிரியரோ, அதிகாரம் உள்ள வேறு ஆளோ என்றால், போலீஸோடு அந்த நிறுவனத்தின் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக அந்தக் குழுவை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

படம் போலி, செயற்கை நுண்ணறிவால் செய்தது என்றாலும் தயங்க வேண்டாம். சிங்கப்பூர், இங்கிலாந்து, அமெரிக்கச் சட்டங்கள் மாற்றியமைத்த படத்தையும் சேர்த்தே பேசுகின்றன. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலும் ஒட்டுவேலைப் படங்கள் இடம்பெற்றிருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் படம் வெளியாகிவிட்டால், அன்று செய்ய வேண்டியது: இணைப்பு முகவரியோடு ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் தளத்துக்கு நீக்கல் கோரிக்கை. பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் இத்தகைய படத்தை அகற்ற வேண்டும் என்று இந்தியாவின் 2021 விதிகள் கெடு வைத்தன. 2025 மே 19 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் 48 மணி நேரம் தருகிறது. புகார் எண்ணையும் அனுப்பிய நேரத்தையும் குறித்து வையுங்கள், கெடு தாண்டினால் அடுத்த முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். கூகுளில் தனியாக ஒரு கோரிக்கை கொடுத்தால் தேடல் முடிவுகளிலிருந்து நீக்குவார்கள். மூலத் தளத்தில் படம் இருந்தாலும் உங்கள் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் படாது. ஏற்கெனவே கொடுத்த போலீஸ் புகாரில் கூடுதல் வாக்குமூலம் சேர்க்கச் சொல்லுங்கள். மிரட்டல் வழக்காக இருந்தது இப்போது வெளியிட்ட வழக்காகவும் ஆகிறது, பிரிவுகள் கூடுகின்றன, தண்டனையும் கூடுகிறது.